நுண்ணோக்கிப் படத்தில் பொய்யும் மெய்யும்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலனாகாத உலகை நுண்ணோக்கி காட்டுகிறது. அதனுடன் பொருத்தப்பட்ட ஒளிப்படக்கருவி அக்காட்சியைப் படமாக்கித் திரையில் விரிக்கிறது. திரையில் தோன்றுவன அனைத்தும் பொருளில் உள்ளவைதாமா? தூசியும் கிருமியும் திரையில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் கையில் விலையுயர்ந்த கருவியும் பயன்தராது. பொய்த்தோற்றங்களின் காரணங்களையும் அவற்றைக் கண்டறியும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

வில்லை தந்த வியப்பும் ஐயமும்

1665ஆம் ஆண்டு இராபர்ட் ஊக் என்னும் ஆங்கில அறிஞர் ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலை வெளியிட்டார். தக்கையின் மெல்லிய சீவலில் தாம் கண்ட சிறு அறைகளுக்குச் ‘செல்’ என்று அந்நூலில் பெயரிட்டார். அதன்பின் சில ஆண்டுகளில், ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லையின் துணையால் நீர்த்துளியில் வாழும் நுண்ணுயிர்களைக் கண்டார்.

லென்சு என்று வழங்கப்படும் வில்லைகள் பலவற்றை அடுக்கிச் செய்த கூட்டு நுண்ணோக்கிகள், பொருளை மேலும் பெரிதாக்கின. தம் குறைகளையும் அவ்வாறே பெரிதாக்கின. வெவ்வேறு நிற ஒளிகள் வெவ்வேறு இடங்களில் குவிந்ததால் பொருளின் ஓரத்தில் வண்ண விளிம்புகள் தோன்றின. இது நிறப்பிறழ்ச்சி எனப்படும். வில்லையின் நடுவிலும் ஓரத்திலும் புகுந்த ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாமையால் உருவம் மங்கியது. இது கோளகப் பிறழ்ச்சி எனப்படும்.

இக்குறைகள் அறிவியல் கொள்கை ஒன்றையே தவறான வழியில் செலுத்தின. 1823ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் மில்ன் எட்வர்ட்ஸ், விலங்குகளின் திசுக்கள் யாவும் ஏறத்தாழ 1/300 மில்லிமீட்டர் அளவுடைய சிற்றுருண்டைகளால் ஆனவை என்று கூறினார். தசையிலும் நரம்பிலும் தோலிலும் அவ்வுருண்டைகளே அவருக்குத் தென்பட்டன. இலண்டனில் மது வணிகம் செய்துகொண்டே ஒளியியல் ஆய்விலும் ஈடுபட்டிருந்த ஜோசப் ஜாக்சன் லிஸ்டர், நிறப்பிறழ்ச்சி நீக்கிய வில்லைகளைக் கொண்ட புதிய நுண்ணோக்கியை உருவாக்கினார். மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கினும் அவரும் அக்கருவியால் அதே திசுக்களை ஆராய்ந்து 1827இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தசையில் இழைகள் தெளிவாகத் தெரிந்தன. எங்கும் நிறைந்தனவாகச் சொல்லப்பட்ட சிற்றுருண்டைகள் தென்படவில்லை. அவை திசுவிற்குரியவை அல்ல, கருவி படைத்தவை என்பது விளங்கிற்று.

பொருளில் இல்லாத ஒன்றைக் கருவியோ, பொருளைப் பதப்படுத்தும் முறையோ, படமாக்கும் முறையோ படத்தில் தோற்றுவிக்குமாயின் அது பொய்த்தோற்றம் எனப்படும். மில்ன் எட்வர்ட்ஸ் பொய்யுரைத்தாரில்லை, கண்டதையே கூறினார். கண்டது எங்கிருந்து வந்தது என்னும் வினாவே விடுபட்டது.

ஒளி செல்லும் வழி

பொய்த்தோற்றத்தின் பிறப்பிடத்தை அறிய, படம் உருவாகும் வழியை முதலில் அறிதல் வேண்டும். நுண்ணோக்கியின் அடியிலுள்ள விளக்கிலிருந்து ஒளி புறப்படுகிறது. மேடைக்குக் கீழேயுள்ள குவிப்பி அதனைத் திரட்டிப் பொருளின்மீது செலுத்துகிறது. ஆய்வகத்தில் ஸ்லைடு என வழங்கும் கண்ணாடி நழுவத்தின்மேல் பொருளும், அதன்மேல் மெல்லிய மூடுகண்ணாடியும் உள்ளன. அவற்றைக் கடந்த ஒளி பொருளருகு வில்லையுள் புகுந்து, குழலின் மேற்பகுதியில் பெரிதாக்கப்பட்ட உருவத்தைத் தோற்றுவிக்கிறது. கண்ணால் நோக்குவோர் அதனைக் கண்ணருகு வில்லை வழியே காண்கின்றனர். ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்ட நுண்ணோக்கியில், தனிக்குழல் ஒன்றின் வழியே அவ்வுருவம் உணரியின்மீது விழுகிறது.

உணரி என்பது ஒளியை மின்னாக மாற்றும் சிறு பரப்பு. அதில் இலட்சக்கணக்கான நுண்கட்டங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொரு கட்டமும் படத்தின் ஒரு புள்ளியைத் தருவதால் அதனைப் படப்புள்ளி என்பர். இத்தகைய உணரிகளுள் முன்னோடியான சி.சி.டி. என்னும் அமைப்பை 1969இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் உருவாக்கினர். அதற்காக 2009ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர்.

படப்புள்ளிக்கு நிறம் தெரியாது. தன்மீது விழுந்த ஒளியின் அளவை மட்டுமே அது அறியும். எனவே ஒவ்வொரு கட்டத்தின்மீதும் ஒரு நிற வடிகட்டி வைக்கப்படுகிறது. பெரும்பாலான உணரிகளில் பாதிக் கட்டங்கள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் ஏற்கின்றன. ஒரு கட்டம் நேரடியாக அளப்பது ஒரு நிறத்தையே; மற்ற இரண்டையும் கருவி, அண்டைக் கட்டங்களைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புகிறது. ஆகவே, வண்ணப்படம் ஒவ்வொன்றிலும் அளந்தறிந்த பகுதியைவிட ஊகித்து நிரப்பிய பகுதியே மிகுதி. இதற்குப்பின் கணினி மென்பொருள் நிறத்தைச் சரிசெய்து, விளிம்பைக் கூர்மையாக்கி, கோப்பைச் சுருக்கிச் சேமிக்கிறது.

விளக்கு, குவிப்பி, நழுவம், வில்லை, உணரி, மென்பொருள் என்னும் இந்த ஆறு நிலைகளுள் எதிலும் பிழை புகலாம். திரையில் ஒரு கரும்புள்ளி தோன்றினால், அது ஆறனுள் எங்கே பிறந்தது என்று தேடுவதே பிழையறிதலின் முதற்பணி.

அசைத்து அறிதல்

இத்தேடலுக்கு எளிய விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஓர் உறுப்பை மட்டும் அசைத்து, அதனுடன் சேர்ந்து எது அசைகிறது என்று நோக்க வேண்டும். இரண்டு உறுப்புகளை ஒருங்கே மாற்றினால் பிழை மறைந்துவிடலாம். ஆனால் எதனால் மறைந்தது என்பது தெரியாது. தெரியாத பிழை மீண்டும் வரும்.

திரையில் கரும்புள்ளி ஒன்று தெரிவதாகக் கொள்வோம். முதலில் நழுவத்தை மெல்ல நகர்த்த வேண்டும். பொருளோடு சேர்ந்து புள்ளியும் நகர்ந்தால், அது நழுவத்திலேயே உள்ளது. அது பொருளின் பகுதியாகவோ நழுவத்தில் படிந்த அழுக்காகவோ இருக்கலாம். பொருள் நகர்ந்தும் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றால், நழுவத்திற்கு அதில் பங்கில்லை.

அடுத்து, குவிப்பியைச் சற்றே உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்க வேண்டும். புள்ளி மங்கியும் தெளிந்தும் மாறினால், அது விளக்கின் முன்னுள்ள கண்ணாடியிலோ குவிப்பியிலோ படிந்த தூசி. மாற்றமில்லையெனில், வேறொரு பொருளருகு வில்லையைச் சுழற்றி வைக்க வேண்டும். அப்போது குறை மறைந்தால் முந்தைய வில்லையே ஐயத்திற்குரியது.

இறுதியாக ஒளிப்படக்கருவியை அதன் பிடியிலேயே மெல்லத் திருப்ப வேண்டும். அப்போது பொருளின் உருவம் திரையில் சுழலும். உருவத்தோடு சேர்ந்து புள்ளியும் சுழன்றால், அது கருவிக்குக் கீழேயுள்ள ஏதேனும் ஓர் உறுப்பில் உள்ளது. உருவம் சுழன்றும் புள்ளி திரையின் அதே மூலையில் அசையாது நின்றால், தூசி உணரியின்மீதோ அதனை மூடியுள்ள கண்ணாடியின்மீதோ அமர்ந்துள்ளது. கண்ணருகு வில்லையின்மேல் கைப்பேசியை வைத்துப் படமெடுக்கும்போது, அவ்வில்லையை மட்டும் திருப்பிப் பார்த்தும் அதிலுள்ள தூசியைக் கண்டறியலாம்.

எல்லா அழுக்கும் புள்ளியாகத் தெரிவதில்லை. பொருளின் உருவம் தெளிவாக விழும் தளத்தையோ, பொருளின்மீது தெளிவாகக் குவிக்கப்படும் தளத்தையோ ஒட்டிய தூசியே வடிவோடு தோன்றும். பொருளருகு வில்லையின் முகப்பில் ஒட்டிய விரல்ரேகை, திரையில் ரேகையாகத் தெரியாது. படம் முழுவதையும் வெண்மூட்டம்போல் மங்கச் செய்யும். ஈரப்பதம் மிக்க கடற்கரைப் பகுதிகளில் வில்லையில் பூஞ்சை படர்வதுண்டு. அதுவும் இவ்வாறே மூட்டமாக வெளிப்படுமேயன்றி இழைகளாகத் தோன்றாது. எனவே, தெளிவான புள்ளியையும் பரவலான மூட்டத்தையும் வேறு வேறு இடங்களில் தேட வேண்டும்.

அழுக்கின் இடம் தெரிந்தபின் தூய்மை செய்வதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இரப்பர்க் குமிழால் காற்றை ஊதித் தூசியை முதலில் அகற்ற வேண்டும். அதன் பின்னரே வில்லைக்குரிய மென்தாளால் துடைக்கலாம். சட்டை முனையால் துடைத்தால், மணல் துகள் வில்லையின் மேற்பூச்சைக் கீறிவிடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். உணரியை மாணவர் தொடுதல் கூடாது.

ஒளியால் வரும் பிழைகள்

படத்தின் நடுப்பகுதி வெளுத்தும் ஓரங்கள் இருண்டும் இருப்பது பரவலாகக் காணப்படும் குறை. பெரும்பாலும் குவிப்பி சரியான உயரத்திலோ நடுவிலோ இல்லாமையே இதற்குக் காரணம். செருமானிய அறிஞர் ஆகஸ்ட் கோலர் 1893இல் வெளியிட்ட ஒளியூட்டல் முறை இன்றளவும் இதற்குத் தீர்வாக விளங்குகிறது. முதலில் பொருளைத் தெளிவாகக் குவிக்க வேண்டும். பின்பு விளக்கின் முன்னுள்ள திறப்பைச் சுருக்கி, அத்திறப்பின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை குவிப்பியை நகர்த்த வேண்டும். அவ்விளிம்பைக் காட்சிப்புலத்தின் நடுவிற்குக் கொணர்ந்து, புலம் முழுவதும் ஒளிபெறும் அளவிற்குத் திறப்பை விரிக்க வேண்டும்.

குவிப்பியிலும் ஒரு திறப்பு உண்டு. அதனை மிகுதியாகச் சுருக்கினால் படம் அழுத்தமாகத் தெரிவதால், தொடக்கநிலை மாணவர் அதனையே விரும்புவர். ஆனால், ஒளியின் விளிம்பு விளைவால் செல்களின் ஓரங்களில் இரட்டைக் கோடுகளும் துகள்களைச் சுற்றி வளையங்களும் அப்போது தோன்றும். நுண்ணிய விவரங்கள் மறையும். அந்த வளையத்தைச் செல்லின் உறையென்று வரைபவர், இல்லாத ஒன்றை வரைகிறார். திறப்பை மெல்ல விரிக்கும்போது வளையம் மறைந்தால் அது பொய். விரித்த பின்னும் நிலைத்தால் அதனை மேலும் ஆராயலாம்.

திரையில் கிடைமட்டப் பட்டைகள் தோன்றி மேலும் கீழும் ஊர்வதும் உண்டு. நம் நாட்டில் வழங்கும் மாறுமின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சம் பெறுவதால், தரம் குறைந்த விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்கு இது புலப்படுவதில்லை. ஆனால், பல உணரிகள் படத்தை வரிசை வரிசையாகப் பதிவு செய்கின்றன. ஒளி உயர்ந்த கணத்தில் பதிவான வரிசைகள் வெளுத்தும், தாழ்ந்த கணத்தில் பதிவானவை கறுத்தும் அமைந்து பட்டைகளாகின்றன. ஒளிபடும் நேரத்தை 1/100 நொடி அல்லது 1/50 நொடி என அமைத்தால், ஒவ்வொரு வரிசையும் முழு ஏற்ற இறக்கங்களைப் பெறும், பட்டைகள் மறையும்.

நழுவத்தில் ஒளிந்திருப்பவை

நழுவத்தோடு சேர்ந்து நகர்வதனாலேயே ஒன்று உயிருள்ள பொருளாகிவிடாது. மூடுகண்ணாடியைச் சரிவாக இறக்காமல் மேலிருந்து அப்படியே வைத்தால் காற்றுக்குமிழிகள் சிக்கிக்கொள்ளும். தடித்த கரிய விளிம்பும் பிசகாத வட்ட வடிவும் அவற்றின் அடையாளங்கள். முதன்முறை நுண்ணோக்கியில் காண்போர் செல்லென்று வரைந்து வருவது பெரும்பாலும் காற்றுக்குமிழியே.

மூடுகண்ணாடியின் பருமனும் பொருட்படுத்தத் தக்கது. பொருளருகு வில்லைகள் பலவற்றில் 0.17 என்னும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். 0.17 மில்லிமீட்டர் பருமனுள்ள மூடுகண்ணாடிக்கென அவ்வில்லை வடிவமைக்கப்பட்டது என்பது அதன் பொருள். 40 மடங்கு வில்லையில் இப்பருமன் சிறிது மாறினாலும் கோளகப் பிறழ்ச்சி மிகுந்து படம் மங்கும். நழுவத்தைத் தலைகீழாக வைத்துவிட்டால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பருமனுள்ள கண்ணாடி குறுக்கிடும். அப்போது உருவம் தெளிவடையவே மாட்டாது. எண்ணெய் இட்டுக் காணும் 100 மடங்கு வில்லையைப் பயன்படுத்திய பின், துடைக்காமல் 40 மடங்கு வில்லையைத் திருப்பினால் அதன் முகப்பில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். ஒளிப்படக்கருவி பழுதடைந்ததாகக் கருதி வருந்துவோர், முதலில் இம்மூன்றையும் சரிபார்த்தல் நன்று.

குருதிப் பரிசோதனையில் இப்பிழைகள் உயிரோடு தொடர்புடையவை ஆகின்றன. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவின் உள்ளே சிறு வளையமாகத் தென்படும். சிவப்பணுவின்மேல் தற்செயலாகப் படிந்த குருதித்தட்டு ஒன்றும், சாயத்திலிருந்து பிரிந்து வீழ்ந்த துகளும் ஏறத்தாழ அவ்வாறே தோன்றக்கூடும். துகளை ஒட்டுண்ணியெனக் கொண்டால், நோயில்லாதவர் மருந்துண்பார். காய்ச்சலின் உண்மைக் காரணம் மறைந்தே இருக்கும். ஒட்டுண்ணியைத் துகளெனத் தள்ளினால், பால்சிபாரம் வகை மலேரியா சில நாள்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடும்.

இங்கும் அசைத்தறியும் விதியே துணைசெய்கிறது. இம்முறை அசைப்பது குவியத்தை. நுண்திருகை மெல்லத் திருப்பும்போது, சிவப்பணுவும் அதனுள் உள்ள ஒட்டுண்ணியும் ஒருங்கே தெளியும். சாயத்துகள் அணுவிற்கு மேலே கிடப்பதால் வேறொரு நிலையில் தெளியும். மேலும், அணுக்கள் இல்லாத வெற்றிடத்திலும் அதே துகள்கள் சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிலைத்த படம் ஒன்றை மட்டும் காண்பவருக்கு இவ்வாய்ப்பு இல்லை. ஆதலால், ஐயம் எழுந்தால் படத்தை விட்டு நழுவத்திற்கே திரும்ப வேண்டும்.

உணரியும் மென்பொருளும்

ஒளி குறைந்த நிலையில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் நிறைந்திருக்கும். இதனை இரைச்சல் என்பர். ஒளி, ஃபோட்டான் என்னும் துகள்களாக வந்து சேர்வதால், வரும் எண்ணிக்கை கணந்தோறும் சிறிது மாறுபடும். அம்மாறுபாடு எண்ணிக்கையின் வர்க்கமூல அளவினது. 100 ஃபோட்டான்கள் பெறும் படப்புள்ளியில் மாறுபாடு ஏறத்தாழ 10. அதாவது 10 விழுக்காடு. 10,000 பெறும் புள்ளியில் மாறுபாடு 100. அதாவது 1 விழுக்காடு மட்டுமே. எனவே இரைச்சலைக் குறைக்க ஒளியைக் கூட்ட வேண்டும். அல்லது பல படங்களை எடுத்துச் சராசரி காண வேண்டும். 16 படங்களின் சராசரியில் இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும்.

நீண்ட நேரம் ஒளிபட விட்டு எடுக்கும் படங்களில் விண்மீன்கள்போல் சில புள்ளிகள் ஒளிரும். இவை வெப்பத்தால் தாமே மின்னூட்டம் சேர்க்கும் குறையுடைய படப்புள்ளிகள். ஒளிரும் சாயமூட்டிய செல்களை ஆராய்வோர் இவற்றைப் புரதத் திரள்களென மயங்கக்கூடும். கருவியின் வாயை மூடி, அதே நேர அளவில் ஒரு படம் எடுத்தால் உண்மை விளங்கிவிடும். ஒளியே புகாத அவ்விருட்படத்திலும் அதே இடங்களில் அதே புள்ளிகள் ஒளிரும். வெப்பம் உயர உயர இக்குறை விரைந்து பெருகுவதால், நுண்ணாய்வுக் கருவிகளில் உணரியைக் குளிர்விக்கின்றனர்.

நுண்ணிய வரிகள் கொண்ட பொருளைப் படமெடுக்கும்போது, அதில் இல்லாத அகன்ற அலைவரிகள் தோன்றுவதுண்டு. கொசுவலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால், இரண்டிலும் இல்லாத பெரிய அலைகள் தெரிவதை எவரும் காணலாம். பொருளின் வரிகள் ஒரு வலை. உணரியின் கட்டங்கள் மற்றொரு வலை. இவ்வலைகளின் கூட்டால் பிறக்கும் பொய்வரிகளை ‘மொய்ரே’ என்பர். வில்லை பிரித்துக்காட்டும் மிகச்சிறு இடைவெளிக்குக் குறைந்தது இரண்டு படப்புள்ளிகளேனும் இருந்தால்தான் இதனைத் தவிர்க்க முடியும்.

இதில் ஒரு வியப்பு உண்டு. மிகுதியாகப் பெரிதாக்கும் வில்லைக்கே நுண்ணிய உணரி வேண்டுமென்று பலரும் எண்ணுவர். கணக்கு வேறு விடையைத் தருகிறது. வழக்கமான 40 மடங்கு வில்லை ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர் இடைவெளியைப் பிரித்துக்காட்டும். 40 மடங்கு பெருகி உணரியில் விழும்போது அது ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் ஆகிறது. வழக்கமான 4 மடங்கு வில்லை பிரித்துக்காட்டுவது ஏறத்தாழ 3.4 மைக்ரோமீட்டர். 4 மடங்கு பெருகியும் அது உணரியில் 13 மைக்ரோமீட்டரே ஆகிறது. உருவத்தைப் பாதியாகச் சுருக்கும் இணைப்பு வில்லையும் இடையில் இருப்பின், முன்னது 10 மைக்ரோமீட்டராகவும் பின்னது 7 மைக்ரோமீட்டருக்கும் குறைவாகவும் சுருங்கும். 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள படப்புள்ளிகள் முதல் வில்லைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதா. ஆகவே பொய்வரிகள் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் மிகுதியாகத் தலைகாட்டும். ஒளிப்படக்கருவியைச் சிறிது திருப்பும்போது வரிகளின் இடைவெளியே மாறினால் அவை பொய்வரிகள். பொருளின் வரிகள் திசையில் சுழலுமேயன்றி இடைவெளியில் மாறா.

மென்பொருள் செய்யும் ‘உதவி’யும் கவனத்திற்குரியது. விளிம்பைக் கூர்மையாக்கும் அமைப்பு, செல்லின் ஓரத்தில் வெண்கோடு ஒன்றைச் சேர்த்து அதனை உறைபோல் காட்டும். ஜேபெக் முறையில் மிகுதியாகச் சுருக்கிய படத்தைப் பெரிதாக்கினால், 8 படப்புள்ளிக்கு 8 படப்புள்ளி அளவுள்ள சதுரங்கள் தென்படும். கைப்பேசிகள் இவற்றைக் கேளாமலே செய்வதால், ஆய்வுக்கான படங்களை எடுக்கும்போது இத்தகைய அமைப்புகளை இயன்றவரை நிறுத்திவைத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

• புள்ளி நழுவத்தோடு நகர்கிறது – நழுவத்தில் உள்ளது. குவியத்தை மாற்றி ஆராய்க.
• குவிப்பியை உயர்த்தினால் மங்குகிறது – விளக்கு அல்லது குவிப்பியில் தூசி.
• ஒளிப்படக்கருவியைத் திருப்பியும் அசையவில்லை – உணரியில் தூசி.
• படம் முழுவதும் மூட்டம் – வில்லையில் எண்ணெய், விரல்ரேகை, பூஞ்சை. அல்லது மூடுகண்ணாடியின் பருமன் பொருந்தாமை.
• ஊரும் கிடைமட்டப் பட்டைகள் – விளக்கின் ஒளித்துடிப்பு.
• இருட்படத்திலும் ஒளிரும் புள்ளிகள் – குறையுள்ள படப்புள்ளிகள்.

திருத்தமும் திரிபும்

நீக்க இயலாத குறைகளைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறைகளும் உள்ளன. பொருளில்லாத வெற்றிடத்தை அதே ஒளியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, பொருளின் படத்தை அதனால் வகுத்தால், ஓர இருளும் நிலையான தூசியின் நிழலும் நீங்கும். இருட்படத்தைக் கழித்தால் ஒளிரும் பொய்ப்புள்ளிகள் மறையும். இவை படம் முழுமைக்கும் ஒரே விதமாகச் செய்யப்படும் திருத்தங்கள்; எவரும் மீண்டும் செய்து சரிபார்க்கத் தக்கவை.

பிடிக்காத புள்ளியை மட்டும் மென்பொருளின் தூரிகையால் அழிப்பது இவ்வகையைச் சேராது. அழித்தது தூசியா, புதிய உண்மையா என்பதைப் பிறகு எவராலும் அறிய முடியாது. ‘செல் உயிரியல்’ துறையின் முன்னணி ஆய்விதழ் ஒன்று, 2002ஆம் ஆண்டு முதல் தன்னிடம் வரும் கட்டுரைகளின் படங்கள் திரிக்கப்பட்டுள்ளனவா எனச் சோதிக்கத் தொடங்கியது. ஒளியளவு போன்ற மாற்றங்களைப் படம் முழுவதற்கும் செய்யலாம். படத்தின் ஒரு கூற்றை மட்டும் மிகுத்தலோ, மறைத்தலோ, நகர்த்தலோ, நீக்கலோ, புதிதாகச் சேர்த்தலோ கூடாது என்பது அதன் நெறி. எடுத்த மூலப்படத்தை மாற்றாமல் பாதுகாப்பதும், செய்த திருத்தங்களை எழுதிவைப்பதும் ஆய்வாளரின் கடமைகள்.

ஐயமே அளவுகோல்

கருவி பழுதின்றி இருப்பினும் பொய்த்தோற்றம் பிறக்கலாம் என்பதற்கு ‘மீசோசோம்’ சான்றாகும். பாக்டீரியாவின் செல்சவ்வு உள்நோக்கி மடிந்து உண்டாகும் ஓர் உறுப்பு என்று, 1950களிலும் 60களிலும் எடுக்கப்பட்ட மின்னணு நுண்ணோக்கிப் படங்களைக்கொண்டு அது விளக்கப்பட்டது. பல ஆய்வகங்களிலும் அது தென்பட்டது, பாடநூல்களிலும் இடம்பெற்றது. பின்னர், வேதிப்பொருள்களால் பதப்படுத்தாமல் மிக விரைவாக உறையவைத்த பாக்டீரியாக்களை ஆராய்ந்தபோது அது காணப்படவில்லை. வேதிப் பதப்படுத்தலால் சவ்வில் நேர்ந்த சிதைவே மீசோசோம் எனத் தெளிவாயிற்று. ஒரே முறையைப் பலர் பின்பற்றினால் ஒரே பிழையைப் பலரும் காண்பர். வேறொரு முறையிலும் அதே காட்சி கிடைத்தால்தான் நம்பிக்கை வலுப்பெறும்.

இதற்கு மறுதலையான நிகழ்வொன்று 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் நடந்தது. மலேரியா கொசுவின் வழியே பரவுகிறதா என்று ஆராய்ந்த இரொனால்டு இராஸ், நோயாளியின் குருதியைக் குடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். அவருடைய நுண்ணோக்கியின் திருகுகள் வியர்வையால் துருப்பிடித்திருந்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையிலும் விரிசல் விழுந்திருந்தது. ஆகஸ்டு 20ஆம் நாள், கொசுவின் வயிற்றுச் சுவரில் வழக்கத்திற்கு மாறான வட்டச் செல்களைக் கண்டார். மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கருநிறத் துகள்கள் அவற்றினுள் இருந்தன. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. எஞ்சிய கொசுவை மறுநாள் அறுத்துப் பார்த்தார். அதே செல்கள் முன்னினும் பெரிதாக வளர்ந்திருந்தன. விரிசலும் தூசியும் ஒரே இரவில் வளர்வதில்லை. 1902ஆம் ஆண்டு அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

விரிசல் விழுந்த வில்லையின் வழியே இராஸ் மெய்யைக் கண்டார். அன்றைய கருவியில் தெரிந்ததை ஐயமின்றி ஏற்ற மில்ன் எட்வர்ட்ஸ் உருண்டைகளைக் கண்டார். கருவியின் தரம் வேண்டுவதே. எனினும், தெரிவது பொருளுக்கு உரியதா, கருவிக்கு உரியதா என்று வினவி, ஒன்றை அசைத்து ஒன்றை நிறுத்திச் சோதிக்கும் பழக்கம் அதனினும் வேண்டுவது. பள்ளி ஆய்வகத்தின் பழைய நுண்ணோக்கியிலும் அப்பழக்கத்தை இன்றே தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலைப் படமெடுத்து, அதில் காணும் பொய்த்தோற்றம் ஒன்றின் பிறப்பிடத்தை அசைத்தறியும் முறையில் கண்டறிந்து, படிப்படியாக எழுதுக.
2. கொசுவலை அல்லது மெல்லிய துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருப்பி, அலைவரிகள் மாறுவதை உற்றுநோக்கிக் குறிப்பு எழுதுக.
3. ‘படத்தைத் திருத்துவதும் திரிப்பதும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
4. நிறப்பிறழ்ச்சி, கோளகப் பிறழ்ச்சி, உணரி, படப்புள்ளி, இருட்படம் ஆகிய கலைச்சொற்களை உங்கள் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.